மயிலைப் பசுவுக்குச் செவலைக் கன்று பிறந்தால் கலப்பா? வம்சாவளி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாராபுரம்_வாசி எழுதியது:

வணக்கம். தாத்தா காலத்தில் எங்கள் கொரங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) பதினைந்து உருப்படி காங்கேயம் மாடு மேய்ந்தது. அப்புறம் நடுவில் இருபது வருடம் வீட்டில் மாடே இல்லை. நான் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன், இரண்டு பசு, இரண்டு கிடாரி. அதில் ஒரு கிடாரி போன வாரம் முதல் ஈத்து ஈன்றது. தாய் நல்ல மயிலை, அதாவது சாம்பல் நிறம். கன்று செங்கல் நிறத்தில் செவலையாக விழுந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எச்.எஃப். என்ற சீமை மாடு மட்டும் வைத்திருப்பவர், வந்து பார்த்துவிட்டு "எங்கியோ ஜெர்சி கலந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தரகர் "அசல் வித்து" என்று சத்தியம் செய்துதான் கிடாரியைக் கொடுத்தார். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

கேள்விகள் மூன்று. ஒன்று, இந்த நிறத்தை வைத்துக் கலப்பு என்று முடிவு செய்யலாமா? இரண்டு, டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் "இது 100 சதவீதம் காங்கேயம்" என்று எழுதிக் கொடுப்பார்களா? மூன்று, ஒரு காணொளியில் காங்கேயம் பல ஆயிரம் வருடமாக எந்தக் கலப்பும் இல்லாத தனி வம்சம் என்கிறார்கள், இன்னொன்றில் எல்லா நாட்டு மாடும் சிந்து சமவெளியிலிருந்து வந்த ஒரே மாடுதான் என்கிறார்கள். எது சரி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நாலைந்து ஊரில் மொத்தம் அறுபது காங்கேயம் பசு இருக்கும். எல்லாமே சினைக்கு ஒரே பொலி காளைக்குத்தான் போகின்றன. அது நல்ல காளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

---

பட்டிக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்க. காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும். மூன்று நான்கு மாதத்தில் செம்மை கழிந்து சாம்பல் ஏற ஆரம்பிக்கும். காளைக்கன்றாக இருந்தால் வயசுக்கு வரும்போது திமில், கழுத்து, முன்னங்கால் சப்பை, பின்தொடை எல்லாம் கருத்துக்கொண்டு வரும், அதே காளையைக் காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளுத்து எருது சாம்பலாகிவிடும். ஒரே மாடு ஆயுளில் மூன்று நிறம் காட்டும். பிறந்த வாரத்து நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் காங்கேயம் கன்று பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

கலப்பு பார்க்க வேண்டுமானால் வேறு இடத்தில் பாருங்கள். திமில் எழும்பாமல் முதுகோடு தட்டையாக ஓடுவது, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி சுருங்கிப் போவது, முகம் நடுவில் பள்ளம் விழுந்து குட்டையாக இருப்பது, இதெல்லாம் ஒரு வயசுக்கு மேல் தெரியும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் சினை ஊசி போட வந்தவர் காங்கேயம் விந்துக் குச்சிதான் என்று சொல்லிப் போட்டார். கன்று பிறந்தபோது இதே செவலைதான், நானும் சந்தோஷமாக இருந்தேன். ஆறு மாதம் ஆயிற்று, எட்டு மாதம் ஆயிற்று, சாம்பல் ஏறவே இல்லை. திமில் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தால் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் மேடு. அப்போதுதான் புரிந்தது. அதிலிருந்து காளைக்கு மட்டும்தான் விடுகிறேன். உங்கள் கன்றுக்கும் நாலு மாதம் பொறுங்கள், அதற்குள் அதுவே சொல்லிவிடும்.

வம்சாவளி, டி.என்.ஏ. எல்லாம் படித்தவர்கள் சொல்லட்டும்.

---

மரபணு_மாணவி எழுதியது:

நான் கால்நடை மரபியல் ஆய்வு மாணவி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் மாதிரி எடுக்கப் போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார்.

இன்று உலகத்தில் உள்ள வீட்டு மாடுகளில் ஏறக்குறைய எல்லாமே அரோக்ஸ் என்ற காட்டு மாட்டிலிருந்து வந்தவை. அந்த மாடு இப்போது இல்லை, கடைசிப் பசு 1627-ல் போலந்துக் காட்டில் செத்தது. (நம் மலைகளில் காட்டெருமை என்று சொல்கிறோமே, அது வேறு இனம், இந்தக் கதையில் அது வராது.) அரோக்ஸ் ஆசியா, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா எல்லாம் பரவியிருந்தது. மனிதன் அதை இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பழக்கினான். ஒன்று மேற்காசியா, சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்து வந்தவைதான் திமில் இல்லாத மாடுகள், ஜெர்சி, எச்.எஃப். எல்லாம் அந்த வழி. இன்னொன்று சிந்து சமவெளியின் மேற்கு ஓரம், பலூசிஸ்தானில் மெஹர்கர் பக்கம், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன். திமில் மாடுகள் அந்த வழி. இந்த இரண்டுக்கும் மூலமான காட்டு மாடுகளே பழக்கப்படுவதற்கு முன்பே சில லட்சம் வருடம் பிரிந்து வாழ்ந்தவை என்று 1994-ல் தாய்வழி டி.என்.ஏ. (தாயிடமிருந்து மட்டும் கன்றுக்கு வருவது) ஆய்வில் தெரிந்தது. அதுவரை திமில் மாடு மேற்காசிய மாட்டிலிருந்து பிற்பாடு மாறி வந்தது என்றுதான் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் "சிந்துவிலிருந்து வந்தது" என்பது பாதி உண்மை. திமில் மாடுகளின் தாய்வழியில் இரண்டு பெரிய கிளைகள் இருக்கின்றன. ஒரு கிளையின் தடம் சிந்துப் பகுதிக்குத் தெளிவாகப் போகிறது. மற்றதன் தடம் அப்படி ஒரே இடத்தைக் காட்டுவதில்லை. மெஹர்கர் மாடு கிழக்கேயும் தெற்கேயும் வரும்போது துணைக்கண்டம் முழுக்கக் காட்டு மாடுகள் திரிந்துகொண்டிருந்தன, வழியில் காட்டுப் பசுக்களும் பட்டியில் சேர்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தெற்கே மாடு வந்ததற்கு மண்ணிலேயே சாட்சி உண்டு. கர்நாடகம், தெலுங்கானா, ஆந்திரப் பகுதிகளில் சாம்பல் மேடுகள் என்று இருக்கின்றன, புதிய கற்கால மக்கள் பட்டிச் சாணத்தைக் குவித்து எரித்து எரித்து உண்டான மேடுகள், சில 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. உத்நூரில் அகழ்ந்தபோது மாட்டுக் குளம்புத் தடங்கள்கூட அப்படியே பதிந்து கிடைத்தன.

இனி "கலப்பே இல்லாத தனி வம்சம்" என்பது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். காங்கேயம், ஹள்ளிகர், ஆலம்பாடி, அம்ரித்மகால், மராட்டியப் பக்கத்துக் கில்லாரி, இவை எல்லாம் கொம்பு, முகம், உடம்பு வாகு பார்த்தாலே ஒரு குடும்பம் என்று தெரியும். படையெடுப்பில் பாரம் இழுத்தும், வண்டிக்கும், சந்தைக்கும் காளைகள் நடந்துகொண்டே இருந்த நாடு இது, எந்த ஊர் மாடும் ஊரோடு நின்றுவிடவில்லை. காங்கேயத்துக்கு இன்றைய உருவம் தெளிவாக வந்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்குப் பெரிய பங்கு உண்டு. பல ஊர் மாட்டிலிருந்து ஓர் ஊருக்கு ஏற்ற மாட்டை உண்டாக்கிய அந்தக் கைத்திறனை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மரபணுவில் பார்த்தாலும் நம் இனங்களில் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி ஓர் இனத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இல்லை, ஒரே இனத்து இரண்டு மாடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

பரிசோதனை பற்றி. தாய்வழி டி.என்.ஏ. மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு நாட்டுப் பசுவுக்கு ஐந்து தலைமுறை தொடர்ந்து ஜெர்சி ஊசி போட்டால் கன்று கிட்டத்தட்ட 97 சதவீதம் ஜெர்சி, ஆனால் தாய்வழிப் பரிசோதனை "நாட்டு மாடு" என்றுதான் சொல்லும். பிரேசிலில் இதற்கு நேர் எதிர். அங்கே கோடிக்கணக்கில் இருக்கும் நெலோர் மாடு நம் ஆந்திரத்து ஓங்கோல் மாட்டின் வழி. ஆனால் இங்கிருந்து கப்பலில் போனது சில ஆயிரம் தலைதான், அதைக் கொண்டு அங்கிருந்த ஐரோப்பிய வழிப் பசுக்களைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள், அதனால் திமிலும் அலைதாடியும் ஓங்கோல், தாய்வழி பெரும்பாலும் ஐரோப்பா. மேற்காசியாவில் இது இன்னும் பழைய கதை. 67 பழங்கால மாட்டு எலும்புகளின் மரபணுவைப் படித்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன், பெரிய வறட்சி அடித்த சமயத்தில், அந்தப் பகுதி மாடுகளில் திடீரென்று நம் திமில் மாட்டின் பங்கு ஏறுகிறது. தாய்வழி மாறவில்லை. அதாவது வெயிலும் வறட்சியும் தாங்கும் என்று காளைகளைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

காளைக்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. மாட்டுக்கு 60 குரோமோசோம். அதில் தகப்பனிடமிருந்து காளைக்கன்றுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் திமில் மாட்டில் ஒரு வடிவம், ஐரோப்பிய மாட்டில் வேறு வடிவம், நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தகப்பன் வழியில் எத்தனை தலைமுறைக்கு முன் ஜெர்சி காளை வந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும். தாய் பக்கத்துப் பாட்டன் ஜெர்சி என்றால் இதில் தெரியாது. மொத்த மரபணுவையும் பார்க்கும் சிப் பரிசோதனையில் தெரியும். ஆனால் முதலில் வந்த சிப்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மாடுகளை வைத்துச் செய்தவை, அவற்றில் நம் மாட்டைப் போட்டால் மரபணுப் பன்மை குறைவாக இருப்பதுபோல் பொய்யாகக் காட்டும். முழு மரபணுவைப் படித்துப் பார்த்தபோது திமில் மாடுகளில்தான் பன்மை அதிகம் என்று வந்தது. நம் மாடுகளுக்கென்றே 2021-ல் ஹைதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் இண்டிகௌ என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதுவும் ஜெர்சி, எச்.எஃப். பங்கு எவ்வளவு என்று நன்றாகச் சொல்லும். "100 சதவீதம் காங்கேயம், ஒரு துளிகூட ஆலம்பாடி இல்லை" என்று எந்தப் பரிசோதனையும் நேர்மையாக எழுதித் தர முடியாது. நாட்டு மாட்டுப் பால் என்று பேசப்படும் ஏ2 பால் பரிசோதனையையும் இதற்கு நம்பாதீர்கள், எச்.எஃப். மாட்டிலும் ஏ2 உண்டு.

உண்மையில் நீங்கள் கடைசியில் ஓரமாக எழுதியதைப் படித்ததும்தான் எனக்குப் பதறியது. அறுபது பசுவுக்கு ஒரே காளையா?

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நானும் அதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். நாங்கள் உம்பளச்சேரி மாடு வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் மொட்டை மாடு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள், காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருப்பதால் மொட்டை. இதன் கன்றும் செவலையாகத்தான் பிறக்கும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை, வால் நுனி வெள்ளை. ஆறு எட்டு மாதத்தில் சாம்பலாகும். சேற்றில் முழங்கால் முங்க உழுவதற்கென்றே உருவான குட்டை மாடு.

டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. உழவு மாடு தேவையில்லை என்றதும் காளைக்கன்றை யார் வைத்துக்கொள்வார்கள்? பசுவைப் பாலுக்கு வைத்துக்கொண்டு காளைக்கன்றை எல்லாம் அடிமாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். பசு குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, காளை குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒரு காளை ஒன்பது வருடம் நின்றது. அருமையான காளை, கோயில் காளை மாதிரி எல்லோருக்கும் செல்லம். அது தன் மகளுக்கும் போட்டது, மகளின் மகளுக்கும் போட்டது. முதலில் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. அப்புறம் ஒரே வருடத்தில் மூன்று கன்று எழுந்து நிற்கவே மாட்டேன் என்று கிடந்தது. ஒன்றை நான் மூன்று நாள் மடியில் வைத்துப் பால் புகட்டினேன், பாட்டில் காம்பை உறிஞ்சக்கூட அதற்குத் தெம்பில்லை, பால் வாயோரம் வழிந்துகொண்டே இருந்தது. நாங்கள் மேய்ச்சலைச் சந்தேகப்பட்டோம், தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், காளையைச் சந்தேகப்படவில்லை. அது அவ்வளவு நல்ல காளை.

---

தாராபுரம்_வாசி எழுதியது:

பட்டிக்காரர் அண்ணா, மிக்க நன்றிங்க. மாணவி, வெண்ணாற்றங்கரை ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு விசாரித்தேன். நான் வாங்கிய கிடாரியும் அந்தக் காளைக்குப் பிறந்ததுதான். இப்போது ஈன்ற கன்றும் அதே காளைக்குத்தான். அதாவது கன்றுக்கு அப்பனும் தாத்தனும் ஒன்று. கன்று துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. பசுக்களை அதிகமாக்கினால் இது சரியாகுமா? இரண்டு மூன்று பேர் சேர்ந்து இன்னும் முப்பது பசு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

மரபணு_மாணவி எழுதியது:

பசுவை அதிகமாக்கினால் சரியாகாது. இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். வருவது உங்கள் மந்தையின் நிஜமான மரபணு அளவு, செயல்திறன் எண்ணிக்கை என்போம். காளை 1, பசு 60 என்றால் விடை 4-க்கும் குறைவு. அறுபத்தொரு மாடு நிற்கிறது, மரபணுக் கணக்கில் நாலு மாடு. பசுவை 600 ஆக்குங்கள், அப்போதும் விடை 4-ஐத் தாண்டாது. காளையை நாலாக்குங்கள், பசு அதே 60 இருக்கட்டும், விடை 15. பத்துக் காளை என்றால் 34. பொதுவாக 50-க்குக் கீழே போகக்கூடாது என்பார்கள், அந்த அளவில் ஒவ்வொரு தலைமுறையும் நெருங்கிய உறவுக் கலப்பு 1 சதவீதம் ஏறும். நாலு என்றால் தலைமுறைக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல்.

உங்கள் கன்று ஆரோக்கியமாக இருக்கலாம், இருக்கட்டும். அப்பன் மகளுக்குப் பிறந்த கன்றுக்கு உறவுக் கலப்பு 25 சதவீதம். அதற்கு நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, ஒளிந்திருக்கும் கெட்ட மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாக வந்து சேர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அடுத்த தடவை அதே காளைக்கு விடாதீர்கள், இந்தக் கன்று கிடாரி என்றால் அதையும் விடாதீர்கள்.

---

புதிய_உறுப்பினர்_22 எழுதியது:

இங்கிலாந்தில் சில்லிங்காம் என்று ஒரு மந்தை இருக்கிறது, முன்னூறு வருடமாக வெளி மாடு சேரவே இல்லை, 1947 பனியில் 13 உருப்படிக்கு வந்துவிட்டது, அதிலிருந்து மறுபடி பெருகி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்க இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

---

மரபணு_மாணவி எழுதியது:

நல்ல கேள்வி. சில்லிங்காம் உண்மைதான், இன்று அந்த மாடுகள் ஒன்றுக்கொன்று அச்சு எடுத்ததுபோல் மரபணுவில் ஒரே மாதிரி. ஆனால் அதே மாதிரி மூடிய மந்தைகள் எத்தனையோ அழிந்துபோயின, பிழைத்த ஒன்றைத்தான் நாம் பேசுகிறோம். அங்கே கெட்ட மரபணு உள்ள கன்றுகள் நூற்றாண்டுகளாகச் செத்துச் செத்துக் கழிந்தன, யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. நாலு மாடு வைத்திருப்பவர் அந்தச் சாவுகளைத் தாங்க முடியாது. பக்கத்திலேயே வேறு உதாரணம் இருக்கிறது. கேரளத்து வெச்சூர் பசு கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது, 1989-ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடிச் சில உருப்படிகளைச் சேர்த்து மீட்டார்கள். அப்படிக் கொஞ்சமாகத் தொடங்கிய மந்தையில் எந்தக் காளை எந்தப் பசுவுக்கு என்று எழுதி வைத்தால்தான் ஓட்ட முடியும்.

---

கிடைமாடு_சிவகங்கை எழுதியது:

எங்களிடம் இருப்பது புளிக்குளம் மாடு. நூறு இருநூறு உருப்படியாக ஓட்டிக்கொண்டு போய் வயலில் கிடை போடுவோம், சாணிக்கும் கோமியத்துக்கும் வயல்காரர் கூலி கொடுப்பார். ஒரு கிடைக்குள் நாலைந்து காளை எப்போதும் நிற்கும், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எது எதற்குப் போடுகிறது என்று நமக்கே தெரியாது. இரண்டு கிடை ஒரே ஊரில் இறங்கினால் அங்கேயும் கலக்கும். சல்லிக்கட்டுக்கு என்று வீட்டுக்கு வீடு காளைக்கன்று வளர்ப்பதால் எங்கள் பக்கம் காளைக்குப் பஞ்சம் வந்ததில்லை. மாணவி போட்ட கணக்கை எங்கள் பெரியவர்கள் போட்டதில்லை, ஆனால் ஒரே காளையை மூன்று வருடத்துக்கு மேல் கிடையில் வைக்கமாட்டார்கள், மாமன் மச்சான் கிடைக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒன்று வாங்கிக்கொள்வார்கள்.

தாராபுரம் தம்பி, முப்பது பசு வாங்கும் பணத்தில் மூன்று ஊரில் மூன்று காளைக்கன்றைப் பாருங்கள். வெவ்வேறு பட்டியாக இருக்க வேண்டும், ஒரே தரகரிடம் மூன்றையும் வாங்கினால் மூன்றும் அண்ணன் தம்பியாக இருக்கும்.

---

பட்டிக்காரர் எழுதியது:

தம்பி, என்னிடம் இரண்டு வயசில் ஒரு காரி (கருப்புக் காளை) இருக்கிறது, தாய் கரூர் பக்கத்துப் பட்டி, தகப்பன் வெள்ளகோவில் பக்கம். உங்கள் காளைக்கும் இதற்கும் எனக்குத் தெரிந்து நாலு தலைமுறையாக உறவு இல்லை. உங்கள் ஊர்க் காளைக்காரர் சம்மதித்தால் இரண்டு வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்தில் வேண்டாம், அவரை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாட்டைப் பார்க்கட்டும்.

---

தாராபுரம்_வாசி எழுதியது:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை அவரோடு வருகிறேன். அவரிடம் பேசும்போது முதலில் முகம் மாறிவிட்டது, தன் காளையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்புறம் வெண்ணாற்றங்கரை ஐயா எழுதிய அந்தக் கன்று விஷயத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அவரே தன் டைரியை எடுத்து வந்து எந்தப் பசு எப்போது வந்தது என்று எட்டு வருடத்துக் கணக்கைக் காட்டினார். அதில் என் கிடாரியின் தாயும் இருக்கிறது, தாயின் தாயும் இருக்கிறது. மாணவி, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தெந்தக் கிடாரியைப் புதுக் காளைக்கு முதலில் விட வேண்டும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?